மாமிக்குச் சொன்ன மூன்று நாவல்கள்

அண்மையில் நான் வாசித்த மூன்று நாவல்களும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. மூன்றிலும் நம் ஊர்கள் வருகின்றன. வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் மாமி ஆங்கிலத்தில் பேப்பர் பார்ப்பார், நாவல் வாசிக்கமாட்டார். ஆனால் கதை வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் நான் வாசித்த வரைக்கும் சொல்லவேண்டும், அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

முதலில் ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா'. 2022இல் புக்கர் பரிசு பெற்றது. மாலி போர்க்களப் படம்பிடிப்பவன். அவன் செத்த பிறகுதான் கதையே தொடங்குகிறது, 1990ஆம் ஆண்டுக் கொழும்பில். தன்னைக் கொன்றது யாரென்று அவனுக்கே தெரியாது. கட்டிலுக்கடியில் ஒளித்த படங்களை வெளியே கொண்டுவர அவனுக்கு ஏழு இரவுகள்தான் தவணை. செத்தவர்கள் போய்ச் சேரும் இடம் அசல் அரசாங்கக் கந்தோர், நெரிசலும் கூச்சலுமாக. "அங்கேயும் போட்டோகொப்பி கேட்பாங்களோ?" என்றார் மாமி. நானும் நிறையச் சிரித்தேன். ஆனால் பாதிக்கு மேல் பகிடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எந்த ஆவி எந்தக் கட்சி என்பதே மறந்துபோயிற்று. பரிசு கிடைத்த புத்தகம் என்பதற்காகப் பொய் சொல்ல முடியாதே.

வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' அப்படியில்லை, விறுவிறுவென்று போகும். 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்ற நாவல். யாழ்ப்பாணத்தில் டாக்டராக ஆசைப்படும் சசியின் மேல் கொதிநீர் கொட்டுகிறது, அயல்வீட்டுப் பையன் ஓடிவந்து முட்டையை உடைத்து ஊற்றுகிறான். மாமிக்கு உடனே ஆயிரம் கேள்வி. "முட்டையோ? தேனெல்லோ பூசுறது?" அந்தப் பையன்தான் பிறகு இயக்கத்துக்குப் போகிறான் என்று சொல்லி ஒருமாதிரிக் கதையை நகர்த்தினேன்.

சசி படிக்கக் கொழும்புக்கு வந்து அம்மம்மா வீட்டில் இருக்கும்போது 83 ஜூலை இனக்கலவரம். அந்த இடத்தில் மாமி, "அதைச் சுருக்கிச் சொல்லு பிள்ளை" என்றார். சுருக்கினேன். சற்று நேரம் கழித்து அவரே தொடங்கினார். அப்போது அவர் பம்பலப்பிட்டியில் இருந்தவர். முகாமிலிருந்து காங்கேசன்துறைக்குச் சரக்குக் கப்பலில் போனார்களாம். இரும்புத் தட்டு வெயிலில் கொதித்ததாம், சேலைத் தலைப்பை நாலாக மடித்துக் கீழே போட்டு உட்கார்ந்தாராம். இத்தனை வருடத்தில் இந்தச் சேலை விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அன்று நாவல் அதற்குமேல் நகரவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது மூன்றாவது: அனுக் அருட்பிரகாசத்தின் 'அ பாசேஜ் நோர்த்', 2021 புக்கர் குறும்பட்டியலில் இருந்தது. இதைச் சொல்வதுதான் பெரும்பாடு. கொழும்பில் இருக்கும் கிருஷன், அப்பம்மாவைப் பார்த்துக்கொண்ட ராணியின் செத்தவீட்டுக்கு ரயிலில் வடக்கே போகிறான். சம்பவம் அவ்வளவுதான். நேரடி உரையாடல் ஒன்றுகூட இல்லை, ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். பொறுமையில்லாதவர்கள் தொடவேண்டாம். ஆனால் வயதுபோன ஒருத்தி வீட்டில் தனக்கிருக்கும் இடத்தை விட்டுக்கொடுக்காமல் எப்படியெல்லாம் மல்லுக்கட்டுகிறாள் என்று அப்பம்மாவை வைத்து எழுதியிருக்கிற பக்கங்களை மாமிக்குச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அடுத்த அறையில் நடப்பதை அவரிடமே எப்படிச் சொல்வது?

ராணி இரண்டு மகன்களையும் யுத்தத்தில் இழந்தவள். ஊருக்குப் போன இடத்தில் கிணற்றில் விழுந்து சாகிறாள். தவறி விழுந்தாளா, தானாக விழுந்தாளா என்பதை நாவல் முடிச்சவிழ்க்காது. மாமி கேட்டது ஒரே கேள்வி: "கிணத்துக்கட்டு எவ்வளவு உயரமாம்?"

வாசித்தவர்கள் சொல்லுங்கள். நான் அந்தப் பக்கங்களைத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.