இங்கிலாந்து, 6 பேரு, 11 நாள்: காரா, ரயிலா?

கோபி வாய்க்கால்:
வணக்கமுங்க. மே கடைசில குடும்பத்தோட போறோம். நாங்க ரெண்டு பேரு, அப்பா, அம்மா (மூட்டு வலி), பசங்க 9 வயசு, 4 வயசு. லண்டன், லேக் டிஸ்ட்ரிக்ட் (வடக்கால ஏரி, மலை இருக்கற பகுதி), காட்ஸ்வோல்ட்ஸ் (ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல கிராமப் பகுதி) பாக்கோணும். ஹீத்ரோ ஏர்போர்ட்டுலயே 7 சீட்டர் கார் வாடகைக்கு எடுத்து முழுசும் சுத்தலாம்னு ரோசனை. அங்கயும் இடது பக்கந்தான ஓட்டறாங்க, நம்ம லைசென்ஸ் போதுங்களா?

நொய்யல்கரை:
லைசென்ஸ் 12 மாசம் வரைக்கும் செல்லுமுங்க. ஆனா சில வாடகைக் கம்பெனிக இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கேப்பாங்க, ஆர்டிஓவுல 1000 ரூபாய் கட்டி எடுத்து வச்சுக்குங்க. டெபாசிட் பிடிக்கறதுக்கு ஓட்டறவரு பேருலயே கிரெடிட் கார்டு வேணும். ஃபோரெக்ஸ் கார்டை (முன்னாடியே வெளிநாட்டுக் காசு ஏத்தி வச்ச கார்டு) நீட்டுனா பல கவுண்டர்ல எடுக்க மாட்டாங்க.

ஹீத்ரோவுல மட்டும் வண்டி எடுக்காதீங்க. லண்டனுக்குள்ள கார் வெறும் தண்டம். கன்ஜெஷன் சார்ஜ் (ஊர் நடுவுல ஓட்டறதுக்குக் கட்டணம்), பார்க்கிங், பஸ் லேன்ல ஏறுனா கேமரா அபராதம்னு காசு போயிட்டே இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் டிக்கி. 7 சீட்டர்ல கடைசி வரிசையை நிமித்தினா ரெண்டு கேபின் பை வைக்கறதே பாடு. 6 பேரு பெட்டி எங்க போகும்? லண்டன்ல மொதல்ல தங்கற ஹோட்டலையே கடைசி ராத்திரிக்கும் போட்டு, பெரிய பெட்டிகளை வச்சுக்குவாங்களான்னு கேட்டுட்டு, ஆளுக்கு ஒரு சின்னப் பையோட கிளம்புங்க.

பவானிக்காரன்:
லேக் டிஸ்ட்ரிக்டுக்குக் காரே வேண்டாமுங்க. லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன்ல ரயில் ஏறி ஆக்ஸன்ஹோம்ல மாறினா வின்டர்மியர், மூணு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அங்கிருந்து ஆம்பிள்சைட், கிராஸ்மியர், கெஸ்விக் எல்லாம் 555 பஸ்லயே போலாம்.

ஃபேமிலி அண்ட் ஃப்ரண்ட்ஸ் ரயில்கார்டு (ரயில் டிக்கெட்டுக்குத் தள்ளுபடி அட்டை) ஒண்ணு வாங்குங்க. 4 பெரியவங்க, 4 பசங்க வரைக்கும் செல்லும். பெரியவங்களுக்கு மூணுல ஒரு பங்கு, 5 முதல் 15 வயசு பசங்களுக்கு 60 சதம் தள்ளுபடி. 4 வயசுக்கு டிக்கெட்டே இல்லை, சீட்டும் இல்லை. அட்வான்ஸ் டிக்கெட் மலிவு, ஆனா புக் பண்ணுன அந்த ரயிலை விட்டா காசு போச்சு.

லண்டன் ட்யூப்ல (பாதாள ரயில்) 11 வயசுக்குக் கீழ பெரியவங்களோட இலவசம். பெரியவங்களுக்கு ஆளுக்கொரு பேங்க் கார்டு வேணும், ஒரே கார்டைத் தட்டி நாலு பேரு நுழைய முடியாது. பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல், கான்டாக்ட்லெஸ் ரெண்டையும் இங்கயே ஆன் பண்ணிட்டுப் போங்க.

நொய்யல்கரை:
அம்மாவுக்காக ஒண்ணு: பழைய ட்யூப் ஸ்டேஷன் பலதுல படிக்கட்டுதான். எலிசபெத் லைன்ங்கற புது ரயில் பாதைல எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்டோ சாய்தளமோ இருக்கு, ஹீத்ரோவுல இருந்தே ஏறிக்கலாம். ஊருக்குள்ள பஸ்ஸே சௌரியம்.

காட்ஸ்வோல்ட்ஸுக்கு மட்டும் கார், ஆக்ஸ்ஃபோர்டுல எடுத்து ரெண்டு நாள்ல அங்கயே விட்டுருங்க. ரவுண்டானாவுல வலது பக்கத்துல இருந்து வர்றவருக்குத்தான் முதல் வழி. அவிநாசி ரோடு மாதிரி மூக்கை நுழைச்சா இடிதான். பையன் 135 சென்டிமீட்டரோ 12 வயசோ தொடற வரைக்கும் சைல்டு சீட் கட்டாயம். ரெண்டு பேருக்கும் முன்கூட்டியே சொல்லி வைங்க.

கோபி வாய்க்கால்:
ரொம்ப நன்றிங்க. ஆட்டோமேட்டிக் கிடைக்குங்களா?

பவானிக்காரன்:
கிடைக்கும், வாடகை கூட. இப்பவே புக் பண்ணுங்க, கவுண்டர்ல போய்க் கேட்டா இருக்காது. பங்க்ல நம்மளேதான் நிரப்போணும்: பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். மாத்திப் போட்டா இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் கை கொடுக்காது.