மறுமொழி: 'ஸ்டிக்மா' – களங்கமா, பழிமுத்திரையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நாம் தமிழில் கொண்டுவரும் எச்.ஐ.வி. கையேட்டுக்கான சொற்பட்டியலில் 'ஸ்டிக்மா'வுக்கு (stigma – நோய் போன்ற ஒன்றைக் காரணம் காட்டி ஒருவரை இழிவாகப் பார்ப்பது) எதிரே 'களங்கம்' என்று போட்டிருக்கிறோம். எல்லாருக்கும் பழகிய சொல், அப்படியே இருக்கட்டும் என்று ஐயா நேற்று எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

களங்கம் என்றதும் நிலவின் கறைதான் நினைவுக்கு வருகிறது. கபடில்லாதவரைக் 'களங்கமில்லாத மனசு' என்கிறோம். அப்படியிருக்க 'எச்.ஐ.வி. களங்கம்' என்று எழுதினால், தொற்றுள்ளவரிடம் ஏதோ அழுக்கு இருப்பதாக நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது.

கிரேக்கர்கள் அடிமைகளின் உடம்பில் குத்திய அடையாளத்துக்குத்தான் 'ஸ்டிக்மா' என்று பெயர். குத்தினவன் ஒருவன் இருந்தாக வேண்டும். நம்மிடமும் 'முத்திரை குத்துவது' என்ற பேச்சு இருக்கிறதே! பழியும் ஒருவர் சுமத்தி இன்னொருவர் சுமப்பதுதான். ஆகவே என் பரிந்துரை: பழிமுத்திரை.

சில வருடங்களுக்கு முன் உறவினருக்குத் துணையாக ஒரு மருத்துவமனையில் தங்கியிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் கேஸ் ஷீட்டில் சிவப்பு மையால் மூன்று எழுத்து எழுதி, சுற்றி வட்டமும் போட்டிருந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்தவர் மற்றவர்களுக்குக் கையில் கொடுத்தார். அவருக்கு மட்டும் தட்டைத் தரையில் வைத்து காலால் தள்ளிவிட்டார். அந்தச் சிவப்பு வட்டத்தைக் களங்கம் என்று எப்படிச் சொல்வது?

'ஒதுக்கல்' போதாதா என்று அக்கா கேட்டிருந்தார். தட்டைத் தள்ளியது ஒதுக்கல். அதற்கு முன்னாலேயே வட்டம் போட்டாகிவிட்டது. வேலையிலும் படிப்பிலும் சிகிச்சையிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது, சரி. வட்டத்துக்கு அதற்கென்று ஒரு பெயர் வேண்டும்.

இதில் தமிழுக்கும் பங்கு உண்டு. பால்வினை நோய்களை ஊர்ப்பக்கம் 'பொம்பளைச் சீக்கு' என்பார்கள். கணவனிடமிருந்து தொற்றினாலும் பழி பெண்ணுக்கு. 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை, சென்னையில் பாலியல் தொழில் செய்த பெண்களின் இரத்த மாதிரிகளில் கண்டறிந்தார்கள். செய்தி வருவதற்கு முன்பே பழிச்சொல் தயாராக இருந்தது. இரக்கத்தோடு எழுதுகிறவர்கள்கூட 'ஒரு பாவமும் அறியாத குழந்தைக்கு எய்ட்ஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியென்றால் அந்தக் குழந்தையின் அம்மா பாவம் செய்தவரா? வைரஸ் இருந்தாலே எய்ட்ஸ் ஆகிவிடாது, வைரஸை அடக்கும் கூட்டு மருந்தை ஒழுங்காக எடுத்தால் அந்தக் கட்டத்துக்கே போகாமல் நெடுநாள் வாழலாம் என்பதும் இந்த வரியில் அடிபட்டுப் போகிறது. கையேட்டிலிருந்து இந்த மாதிரி வரியை எடுத்துவிடலாம். 'எய்ட்ஸ் நோயாளி' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய இடங்களில் 'எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்' என்று போடுவோம்.

வினையாக 'பழிமுத்திரை குத்து', ஆளைக் குறிக்க 'பழிமுத்திரைக்கு ஆளானவர்' என்று வைக்கலாம். ஊர் சொல்வதை நம்பி ஒருவர் தன்னையே வெறுத்துக்கொள்கிறாரே, அதற்குத் 'தன்பழிப்பு' என்று யோசித்தேன். கொஞ்சம் வறட்சியாகத்தான் இருக்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையங்களில் ஆலோசகராக இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், வருகிறவர்கள் அதை என்ன சொல்லில் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.

அன்புடன்