யாக்கோபு, ஜேம்ஸ், சந்தியாகு: ஒரே ஆளா, மூன்று பேரா?

ஏடுதேடி கேட்டது:
ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தின் தலைமுறை வரிசையைத் தயாரிக்கும்போது வரும் சிக்கல் இது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயர் லத்தீனில் 'யாகோபி'. அதே பங்கின் கல்யாணப் பதிவேட்டில் 'சந்தியாகு'. ஆங்கிலப் பத்திரத்தில் 'ஜேம்ஸ்'. மூன்றும் ஒரே பெயர்தான் என்கிறார்கள். ஜேம்ஸ் என்ற ஒலிக்கும் யாக்கோபுக்கும் என்ன உறவு? ஒரே ஆள் என்று எதை வைத்து முடிவு செய்வது?

சொல்வேர்:
ஒரே பெயர்தான். ஆனால் வந்த பாதை வேறு.

மூலம் எபிரேயம்: யாஅக்கோவ். ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்தவன் அவன். எபிரேயத்தில் குதிகால் 'ஆகேவ்', அதோடு பெயரை இணைத்துச் சொல்கிறது அந்தக் கதை. மொழியியலார் பலர் வேறு விளக்கம் தருகிறார்கள்: 'இறைவன் காப்பாராக' என்ற பொருள்கொண்ட 'யாகுப்-ஏல்' போன்ற நீண்ட பெயரின் சுருக்கம். எகிப்தை ஆண்ட ஹிக்சோஸ் காலத்து அரசன் ஒருவனின் முத்திரைகளில் 'யாகுப்-ஹர்' என்ற பெயர் இருப்பது இதற்குத் துணை.

கிரேக்கப் புதிய ஏற்பாட்டிலேயே பெயர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பழைய குலமுதல்வன் 'யாகோப்', விகுதி இல்லாமல். இயேசுவின் சீடர்கள் 'யாகோபோஸ்', கிரேக்க விகுதியோடு. லத்தீனில் அது யாகோபுஸ். பேச்சு லத்தீனில் 'யாகோமுஸ்' என்றும் ஆனது. 'ப'வும் 'ம'வும் இதழ் பொருந்திப் பிறப்பவை என்று நம் இலக்கணத்தில் படித்திருப்போம். அதே இடத்தில் காற்று மூக்குவழி போனால் மகரம். அவ்வளவுதான் மாற்றம்.

பகரக் கிளையில் பிரெஞ்சு ழாக், ஜெர்மன் யாகோப், போலிஷ் யாகுப், ரஷ்ய யாக்கோவ், பின்லாந்தின் யாக்கோ, டச்சு யாப். மகரக் கிளையில் இத்தாலியின் ஜாகோமோ, ஸ்பானிய ஹைமே, கத்தலான் ஜவுமே, பழைய பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போன ஜேம்ஸ். ஆங்கிலேயர்கள் குலமுதல்வனுக்கு ஜேக்கப், சீடருக்கு ஜேம்ஸ் என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். தமிழ் வேதாகமத்தில் இருவரும் யாக்கோபுதான். மூலத்தின் ஒற்றுமையை நாம்தான் சரியாகக் காப்பாற்றியிருக்கிறோம் என்பேன்.

இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் தன் காசுகளில் 'யாகோபுஸ்' என்றுதான் பொறித்தார். 1688இல் நாட்டைவிட்டு ஓடிய இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்களை 'ஜேக்கபைட்' என்று அழைத்ததும் அதனால்தான். கேரளத்து யாக்கோபாயா சபைப் பெயர் வேறு: அது 6ஆம் நூற்றாண்டுச் சிரியாக் ஆயர் யாக்கோபு பரதேயுவை ஒட்டியது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பழங்கணக்கு:
பதிவேடு பற்றி நான் சொல்கிறேன். லத்தீனில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும். தந்தை பெயர் 'மகன்' என்ற சொல்லை அடுத்து வருவதால் ஆறாம் வேற்றுமை: 'ஃபிலியுஸ் யாகோபி', யாக்கோபுடைய மகன். ஆக 'யாகோபி' தனிப் பெயரே அல்ல. குழந்தைக்கே இந்தப் பெயர் என்றால், 'இன்னாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்' என்று குருவானவர் எழுதும் வாக்கியத்தில் 'யாகோபும்' என்று வரும். இது நம் 'உம்' அல்ல, இரண்டாம் வேற்றுமை உருபு. தமிழில் பெயர்த்து எழுதுபவர்கள் இதை 'யாகோப்பும்' என்று படித்து, முன்னால் இன்னொரு பெயர் விடுபட்டிருப்பதாக நினைத்துத் தேடுவார்கள். 'யாகோபோ' என்றால் பெரும்பாலும் 'இவரிடமிருந்து பிறந்த' என்ற தொடரில் வரும் தந்தை, அல்லது ஞானத்தகப்பன். முன்னால் இருக்கும் சொல்லைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அகரவரிசையில் தேடும்போது 'ஐ', 'ஜே' இரண்டு எழுத்திலும் பாருங்கள். லத்தீன் எழுத்தர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியிருப்பார்கள். பாண்டிச்சேரி, காரைக்கால் பிரெஞ்சுச் சிவில் பதிவேடு என்றால் ழாக். ஆங்கிலப் பத்திரங்களில் 'ஜே-ஏ-எஸ்' என்று மூன்றெழுத்தும் புள்ளியும் இருந்தால் அது ஜேம்ஸின் சுருக்கம். 'ஜே-என்-ஓ' என்றிருந்தால் ஜான்.

பெயர் பொருந்துவது மட்டும் போதாது. தந்தை, தாய், ஊர் மூன்றும் பொருந்த வேண்டும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களையும் குறித்து வையுங்கள். பிள்ளைகள் எல்லாருடைய பதிவிலும் அதே சுற்றத்தார் திரும்பத் திரும்ப வந்தால் ஒரே குடும்பம் என்பது உறுதிப்படும். இரண்டு பதிவில் மனைவி பெயர் மாறினால் உடனே ஒட்டிவிடாதீர்கள். முதலில் இறப்புப் பதிவேட்டைத் திருப்புங்கள். மறுமணமாக இருக்கலாம், பங்காளியாகவும் இருக்கலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே காலத்தில் இரண்டு சந்தியாகு இருப்பது சாதாரணம்.

கடலோரம்:
சந்தியாகு போர்த்துக்கீசியர் வழி வந்தது. 'சாந்த்' என்றால் புனிதர், 'இயாகோ' யாக்கோபு. இரண்டும் ஒட்டிச் சந்தியாகோ. அதைத் தப்பாகப் பிரித்து 'சாவோ தியாகோ' என்றதில்தான் தியாகோ தனிப் பெயரானது. தமிழில் அந்தச் 'சந்' பெயருக்குள்ளேயே இருப்பதால், 'புனித சந்தியாகப்பர்' என்னும்போது புனிதர் என்று இரண்டு தடவை சொல்கிறோம். தங்கச்சிமடத்துக் கோயிலில் சந்தியாகப்பர். யாழ்ப்பாணம் குருநகர்க் கோயிலில் யாகப்பர். அதே சீடர் பெயர்தான். யாகப்பனில் 'யாகம்' இல்லை. நம் மரியாதை 'அப்பன்' சேர்ந்த யாக்கோபு அது.

இரண்டு இடத்தில் கவனம். தமிழ்ப் பெயர் 'தியாகு' பெரும்பாலும் தியாகராஜனின் சுருக்கம், தியாகோவோடு சேர்க்காதீர்கள். அடுத்தது ஸ்பானிய தியேகோ. அதுவும் சந்தியாகோவிலிருந்து வந்ததுதான் என்று பலரும் எழுதுவார்கள், ஆனால் லத்தீன் ஏடுகளில் அதற்கு 'திதாகுஸ்' என்ற தனி வடிவம் உண்டு. ஏட்டில் திதாகுஸ் என்றிருந்தால் யாக்கோபு என்று மாற்றி எழுதக் கூடாது. 1602இல் கலிபோர்னியாவில் பெயர் சூட்டப்பட்ட சான் தியேகோவும் அல்கலாவின் புனித தியேகோ பெயரால்தான், அப்போஸ்தலர் பெயரால் அல்ல.

ஏடுதேடி:
நன்றி ஐயா. 'யாகோபி' தனி ஆள் என்று வைத்திருந்த கட்டத்தை எடுத்துவிட்டேன். ஜாக், ஹேமிஷ் இரண்டையும் எங்கே சேர்ப்பது?

சொல்வேர்:
ஜாக்கை ஜானோடு சேருங்கள். ஜானின் செல்ல வடிவம் ஜான்கின், அதிலிருந்து ஜாக். பிரெஞ்சு ழாக்கோடு ஒலி ஒத்திருப்பதால் பலர் ஜேம்ஸோடு ஒட்டிவிடுகிறார்கள். ஜிம், ஜிம்மி, ஜேமி இவைதான் ஜேம்ஸ்.

ஹேமிஷ் ஜேம்ஸ்தான். ஸ்காட்லாந்துக் கேலிக் மொழியில் பெயர் 'ஷேமஸ்'. கூப்பிடும்போது முதலெழுத்து மெலிந்து 'ஹேமிஷ்' என்று ஒலிக்கும். கண்ணன் 'கண்ணா' ஆவதுபோல விளி வேற்றுமை. வெளியார் காதில் விழுந்தது அந்த விளிதான், அதையே பெயராக எழுதிவிட்டார்கள். அயர்லாந்தில் விளியாகாத ஷேமஸ் அப்படியே நின்றது.

பட்டியலில் இன்னும் சேர்க்க: ஆர்மீனிய ஹாகோப், அரபி யாகூப், துருக்கிய யாகுப், வேல்ஸின் இயாகோ, கேரளத்துச் சாக்கோ.

பழங்கணக்கு:
அட்டவணை போடும்போது ஏட்டில் உள்ள எழுத்தை அப்படியே ஒரு பத்தியில், பொது வடிவம் 'யாக்கோபு' பக்கத்துப் பத்தியில். மூலத்தை அழித்துத் திருத்தி எழுதினால் திதாகுஸா யாகோபுஸா என்று பிறகு சரிபார்க்க வழியே இருக்காது.