எட்டுக் கடை, ஒரு குட்டியானை

கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். போன மாசம் ஒரு நாள் எட்டு இடத்துக்கு ஒரே குட்டியானை வண்டியில் சரக்கு போக வேண்டியிருந்தது. சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம் என்று புதூர் வரைக்கும். எட்டு இடத்தைச் சுற்றிவர 40,320 வரிசை போடலாம். ஏஐ-யிடம் கேட்டேன், உடனே ஒரு வரிசை, அதற்குக் காரணங்களும் தந்தது. ஆனால் அத்தனையையும் பார்த்துவிட்டு அது சொல்லவில்லை, அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று கணித்துக் கணித்து எழுதுவதுதான் அதன் வேலை. அதனால் அதையே ஒரு புரோகிராம் எழுதச் சொல்லி எல்லா வரிசையையும் ஓட்டிப் பார்த்தேன். நொடியில் முடிந்தது, தூரமும் குறைந்தது. 1997-ல் செஸ் சாம்பியன் காஸ்பரோவை வென்ற டீப் ப்ளூ கம்ப்யூட்டரும் தேடியே ஜெயிக்கிற ரகம்தான், நொடிக்கு 20 கோடி ஆட்ட நிலைகள் வரை அலசியது.

டிரைவர் அண்ணனிடம் தாளைக் கொடுத்தேன். பாதிகூடப் படிக்கவில்லை. "அப்பளப் பெட்டி எங்க தம்பி இறங்குது?"

ஏழாவது கடையில்.

"டின்னு மேல அப்பளம் ஏத்தலாம், அப்பளத்து மேல டின்னு ஏத்த முடியுமா? அப்ப அப்பளம்தான முதல்ல இறங்கணும்."

அப்புறம் தல்லாகுளம் மெஸ். பதினொரு மணி தாண்டினால் எல்லாரும் அடுப்படியில் நிற்பார்கள், சரக்கை வாங்கி வைக்க ஆள் வராது. இந்த இரண்டை வைத்தே மற்ற வழிகளை யோசிக்காமலே தள்ளிவிட்டார், மிஞ்சியது ரெண்டே வழி. தூரம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் ஒரு மணிக்குள் வண்டி காலியாகத் திரும்பிவிட்டது.

பிறகு அப்பளத்தையும் மெஸ்ஸையும் சொல்லி ஏஐ-யிடம் மறுபடி கேட்டபோது, கிட்டத்தட்ட அண்ணன் போட்ட வரிசையே வந்தது. சொன்னால் பிடித்துக்கொள்கிறது. சொல்ல வேண்டும் என்று எனக்கே தோன்றாததைத்தான் அது கேட்கவில்லை, அவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

*

மேலே எழுதியவர் கடைக் கணக்கர், நான் மேலூர் பக்கம் கணக்கு டீச்சர். எங்களுக்கு அதற்கு நேர்மாறாக நடந்தது. தோட்டத்து மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மெக்கானிக் மாமா பார்த்ததுமே, கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வுதான் என்றார், போன மூணு தடவையும் அதுதான் என்பதால். கிணற்றில் இறங்கிக் கழற்றி மாட்டியதில் அரை நாள் போனது, தண்ணீர் வரவில்லை. மகள் ஏஐ-யிடம் கேட்டாள். பத்துக் காரணம் வந்தது, மூன்றாவது, உறிஞ்சு குழாய் இணைப்பில் காற்று இழுக்கலாம் என்பது.

உளவியல் ஆய்வாளர் லூச்சின்ஸ் 1942-ல் வெளியிட்ட குடுவைத் தண்ணீர் சோதனையை வகுப்பில் சொல்வதுண்டு: ஒரே முறையில் வரிசையாகச் சில கணக்கு போட்டுப் பழகியவர்கள், அடுத்த கணக்குக்குச் சுருக்கு வழி கண்ணெதிரே இருந்தும் பழைய நீள வழியிலேயே போனார்கள். அன்றைக்கு அதை எங்கள் கிணற்று மேட்டிலேயே பார்த்தேன்.

ஆனால் மகள் அந்த மூன்றாவது வரியைப் படித்ததும் மாமா நேராக ஒரே ஒரு இணைப்புக்குப் போய்ச் சோப்பு நுரையைத் தடவினார், நுரை உள்ளே போனது. போன மாசம் அந்த இடத்தில் பழைய வாஷரையே திரும்பப் போட்டது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.