எக் ஃபுட் வைக்கலாமா, வேண்டாமா? வெயில் நேரத்துல பிஞ்ச் குஞ்சுகள்

பிஞ்ச்_பிரியன், திண்டுக்கல்
என் ஜீப்ரா பிஞ்ச் (கூண்டுல வளர்க்கிற சின்னக் குருவி) கூட்டுப் பானையில அடை உக்காந்திருக்கு. கடைக்காரர் குஞ்சு பொரிச்சதும் எக் ஃபுட், அதாவது அவிச்ச முட்டை மசியல், கட்டாயம் வைக்கணும்ங்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன், முட்டை சூடு, இந்த வெயில்ல குஞ்சு தாங்காதுங்கிறார். யார் பேச்சைக் கேக்க?

கூண்டுக்கார_மணி
கடைக்காரர் பேச்சை. 100 கிராம் தினையில புரதம் 12 கிராம் கிட்டதான் இருக்கும், அதுலயும் புரதத்தோட அங்கமான லைசின்ங்கிற அமினோ அமிலம் ரொம்பக் கம்மி. இறகு முளைக்கிற குஞ்சுக்கு அது பத்தாது. முட்டையில தேவையான அமினோ அமிலம் எல்லாம் இருக்கு. கேனரி குருவி வளர்க்கிற ஐரோப்பாக்காரங்க தலைமுறை தலைமுறையா அவிச்ச முட்டையும் ரஸ்க் தூளும் கலந்துதான் குஞ்சு எடுக்கிறாங்க.
பத்து நிமிஷத்துக்குக் குறையாம கொதிக்க விடுங்க. ஓட்டோட மசிச்சு, ரஸ்க் தூள், கேரட் துருவல், கொஞ்சம் முருங்கைக்கீரை. புட்டுக்கு மாவு விரவின மாதிரி உதிரியா இருக்கணும், கொழகொழன்னு இருந்தா அலகுல ஒட்டும். பச்சை முட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். கிருமி பயம் ஒரு பக்கம், வேகாத வெள்ளைக்கரு பயோட்டின்ங்கிற வைட்டமினை உடம்புல சேரவிடாது.

தினைக்கதிர்
மணி அண்ணே, ஆஸ்திரேலியாவுல ஜீப்ரா பிஞ்சுக்கு முட்டை அவிச்சுப் போட்டது யாரு? மழை பெஞ்சு புல்லுக் கதிர் பால் பிடிக்கிறப்ப அது கூடு கட்டும். குஞ்சுக்கு ஊட்டுறது பெரும்பாலும் அந்தப் பச்சை விதைதான். நம்மகிட்ட அதுக்குப் பக்கத்துல வர்றது முளைகட்டின தினையும் கம்பும். கூட முளைப்பயறு சேருங்க. பயறுல லைசின், சிறுதானியத்துல மெத்தியோனின்ங்கிற இன்னொரு அமினோ அமிலம், ஒண்ணோட குறையை இன்னொண்ணு நிரப்பிடும். எங்க வீட்டு வாசப்படி தாண்டி முட்டை வராது. எங்க பட்ஜிஸ் (சின்னக் கூண்டுக்கிளி) குஞ்சு எடுத்துக்கிட்டுதான் இருக்கு.

கூண்டுக்கார_மணி
பயறு கணக்கு சரி, அதை மறுக்கல. ஆனா பி12-ம் டி வைட்டமினும் பயறுல இல்லையே? அதோட காட்டுல அது மழை வந்தா கூடு கட்டுது, இல்லாட்டி சும்மா இருக்குது. நாம பானையைக் கட்டிவிட்டு ஈடு மேல ஈடு (ஒரு தடவை இட்டுப் பொரிக்கிறது ஒரு ஈடு) எடுக்கிறோம். வாங்குற வேலைக்குத் தகுந்த சாப்பாடு போட வேணாமா? அவிச்ச முட்டை சேர்த்துக் கொடுத்த ஜீப்ரா பிஞ்ச் பெட்டைகள் கூடுதலா முட்டை இட்டதை ஆராய்ச்சிக்கூடத்துலயே பார்த்திருக்காங்க.

காக்டெயில்_அம்மா, கோவை
ஏனுங்க மணி அண்ணா, நீங்க லாபமாச் சொல்றதுதானுங்க எங்களுக்குப் பயமே. எங்க காக்டெயில் (கொண்டை வச்ச கிளி) பெட்டை ஆண் துணையே இல்லாம வரிசையா முட்டை போட ஆரம்பிச்சப்ப, டாக்டர் கேட்ட முதல் கேள்வியே எக் ஃபுட் வைக்கிறீங்களான்னுதான். அடுத்தது, ராத்திரி லைட்டை எத்தனை மணிக்கு அணைக்கிறீங்கன்னு. நல்ல தீனியும் நீளமான வெளிச்சமும் சேர்ந்தா, இது குஞ்சு எடுக்கிற காலம்னு அது உடம்பு நினைச்சுக்குமாம். முட்டை போடப் போட கால்சியம் வத்தும், கடைசில ஒரு முட்டை உள்ளேயே அடைச்சுக்கிட்டா உயிருக்கே ஆபத்து. மஞ்சக்கருவுல கால் பங்குக்கு மேல கொழுப்பு வேறங்க. பறக்காம சூரியகாந்தி விதையைக் கொறிச்சிட்டு உக்காந்திருக்கிற பறவைக்கு அது ஈரல்லதான் போய்ச் சேரும்.

கூண்டுக்கார_மணி
மேடம், நான் சொல்றது ஜோடி போட்டுக் குஞ்சு எடுக்கிற கூண்டுக்கு. தனியா வளர்க்கிற பறவைக்கு வைங்கன்னு எங்கயும் எழுதல.

தினைக்கதிர்
நீங்க எழுதல அண்ணே. ஆனா படிக்கிறவன் புரதம்ங்கிற ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு வருஷம் பூரா தினமும் வைக்கிறானே.

லவ்பேர்ட்_தம்பி
பச்சைக்கிளிக்கு வைக்கலாமா ப்ரோ?

திருச்சி_ஏவியரி
தம்பி, பச்சைக்கிளியை வீட்ல வளர்க்கிறதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டுல புடிச்சு விக்கிற சில்லைக் குருவியும் அப்படித்தான்.
வெயில் விஷயத்துக்கு வர்றேன். சூடு முட்டையில இல்ல, கிண்ணத்துல. தகரக் கூரைக்குக் கீழ மே மாச மத்தியானத்துல ஈரமான முட்டையை வச்சா சீக்கிரமே கெட்டுடும். அந்த எச்சத்தைத் தாய் பொறுக்கி ஊட்டும், குஞ்சு சாகும், பழி முட்டை மேல விழும். விடிஞ்சதும் கொஞ்சமா வைங்க, ஒரு மணி நேரத்துல எடுத்துடுங்க, கிண்ணத்தைக் கழுவிக் காயவைங்க. தினைக்கதிர் சாருக்கும் இதேதான் சார். முளைகட்டின தானியத்துலயும் இந்த வெயில்ல சீக்கிரமே பூஞ்சை வந்துடும்.

தினைக்கதிர்
ஒத்துக்கிறேன். வாடை மாறினா நான் கொட்டிடுவேன்.

பிஞ்ச்_பிரியன், திண்டுக்கல்
அப்ப எப்போ ஆரம்பிச்சு எப்போ நிறுத்த?

கூண்டுக்கார_மணி
பொரிக்க ரெண்டு நாள் முன்னாடியே ஒரு சிட்டிகை வைங்க, தாய் தகப்பன் பழகட்டும். பழகாத தீனியை அதுங்க சீக்கிரம் தொடாது. மூணு வாரத்துல குஞ்சு பானையை விட்டு வெளிய வரும். தானா கொறிக்க ஆரம்பிச்சதும் படிப்படியாக் குறைச்சு நிறுத்திடுங்க. கால்சியத்துக்குக் கடல் நுரை (கணவாய் ஓடு) எப்பவும் கூண்டுல தொங்கணும்.

காக்டெயில்_அம்மா, கோவை
நிறுத்தறப்பவே பானையையும் கழட்டிருங்க தம்பி. பானை கிடந்தா அடுத்த ஈடுக்கு உடனே உக்காந்துக்கும், பெட்டைக்கு ஓய்வே கிடைக்காது.

தினைக்கதிர்
முளைத்தினையையும் பக்கத்துல ஒரு கிண்ணத்துல வைங்க தம்பி. குஞ்சுக்கு எதை எடுத்து ஊட்டுதுன்னு வந்து சொல்லுங்க.

கூண்டுக்கார_மணி
மஞ்சக்கருவைத்தான் ஊட்டும்.

தினைக்கதிர்
தம்பி சொல்லட்டும் அண்ணே.