விலை ஏறிக்கொண்டே போகிறதே, பழைய போர்ஷே 911 இப்போது வாங்கலாமா?

ஹாரோ_மாறன்:

வணக்கம் எல்லாருக்கும். லண்டனில் ஹாரோ பக்கம் இருக்கிறேன். வீட்டுக்கடன் முடிந்து கையில் கொஞ்சம் பணம் நிற்கிறது. ஏர்-கூல்ட் 911, அதாவது தண்ணீர் இல்லாமல் காற்றாலேயே எஞ்சின் குளிரும் பழைய போர்ஷே என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். இப்போது 1987ஆம் வருட கரேரா 3.2 ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், சிவப்பு கூபே, 55,000 பவுண்டு சொல்கிறார்கள். இதே கார் 2010 வாக்கில் இருபதாயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைத்ததாம். "பேங்கில் போடுகிற பணத்தை இதில் போடுங்கள், வருஷா வருஷம் விலை ஏறும், விற்கும்போது வரும் லாபத்துக்கு வரியும் கிடையாது" என்கிறார் விற்கிறவர். கேட்க நியாயமாகத்தான் படுகிறது. மனைவி ஒரே கேள்விதான் கேட்கிறாள்: ஏறும் ஏறும் என்கிறீர்களே, இறங்கினால்?

வீட்டில் கராஜ் இல்லை, வாடகைக்கு எடுக்க வேண்டும். தினசரி ஓட்ட வேறு கார் இருக்கிறது, இதை ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில் அடித்தால் எடுப்பேன். இப்போது விட்டால் அப்புறம் எட்டவே எட்டாதோ என்று பயமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குரோய்டன்_கணக்கர்:

வரி இல்லை என்பது உண்மை. இந்த நாட்டில் பயணிகள் காருக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் நஷ்டம் வந்தால் அதை வேறு லாபத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது, விற்கிறவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுவார்கள்.

ஏற்றத்துக்கு வருவோம். இருபதாயிரம் ஐம்பத்தைந்தாயிரம் ஆனது சரி, எப்போது ஆனது என்று பாருங்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு வட்டி அடிமட்டத்துக்குப் போனதும் காசு வைத்திருந்தவர்கள் கார், கைக்கடிகாரம், ஒயின் என்று தேட ஆரம்பித்தார்கள். 1998இல் 993 மாடலோடு ஏர்-கூல்ட் 911 உற்பத்தியே நின்றுவிட்டதால் இனி புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை, அது ஒரு காரணம். கலிபோர்னியாவில் சிங்கர் என்ற நிறுவனம் 964களை (993க்கு முந்தைய 911 மாடல்) நகை மாதிரி இழைத்துக் கொடுக்க ஆரம்பித்ததும் அந்தக் காலத்து 911 எல்லாவற்றுக்கும் மவுசு கூடியது. ஏற்றத்தின் பெரும்பகுதி 2016 வாக்கிலேயே முடிந்துவிட்டது. 2022இல் வட்டி ஏறிய பிறகு பல பழைய கார்களின் விலை தணியத்தான் செய்திருக்கிறது. ஆக, விற்கிறவர் உங்களுக்குக் காட்டுவது நடந்து முடிந்த ஏற்றம். அது உங்கள் கணக்கில் சேராது.

இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1988 ஆகஸ்டில் என்சோ ஃபெராரி இறந்ததும் ஃபெராரி விலைகள் தலைகால் புரியாமல் ஏறின, ஜாகுவார் ஈ-டைப்பும் கூடவே ஏறியது. இங்கே வங்கி வட்டி ஏறக்குறைய 15 சதவீதத்தைத் தொட்டது, மந்தம் வந்தது, 1990-91இல் விலைகள் சரிந்தன. கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பல கார்கள் பழைய விலையை மறுபடி பார்க்கப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி.

இனி உங்கள் காருக்கே கணக்குப் போடுவோம். 55,000 பவுண்டுக்கு 4 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 2,200. கராஜ் வாடகை மாதம் 120 என்று வைத்தால் 1,440. சர்வீஸும் சின்னச் சின்ன ரிப்பேரும் சராசரியாக 1,200, அதுவும் எஞ்சின் ஒன்றும் கேட்காத வருடத்தில். சாலை வரியும் இன்சூரன்ஸும் சேர்த்து ஒரு 600. கூட்டினால் 5,440. அதாவது வருடா வருடம் கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறினால்தான் நீங்கள் நின்ற இடத்தில் நிற்பீர்கள். அப்படி ஏறும் என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்களா?

பழைய_ஸ்பேனர்:

மாறன் தம்பி, கணக்கர் பணத்தைச் சொல்லிவிட்டார், நான் காரைச் சொல்கிறேன். முப்பது நாற்பது வருடமான காரில் "கரேரா 3.2 விலை" என்று ஒன்று கிடையவே கிடையாது, அந்த ஒரு காரின் விலைதான் உண்டு. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சிவப்புக் கூபேக்களுக்கு நடுவில் இருபதாயிரம் பவுண்டு வித்தியாசம் ஒளிந்திருக்கும்.

முதலில் கியர் நாபைப் பாருங்கள். ரிவர்ஸ் இடது பக்கம் மேலே, முதல் கியருக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஜி50 கியர்பாக்ஸ், 1987 மாடலிலிருந்து வந்தது. வலது பக்கம் கீழே, ஐந்தாவதுக்கு நேர் பின்னால் இருந்தால் பழைய 915. 1987இல் பதிவான கார் என்றால் மட்டும் போதாது, 86 மாடல் ஒன்று ஷோரூமில் தங்கி அடுத்த வருடம் பதிவாகியிருக்கலாம். சேஸிஸ் எண்ணில் பத்தாவது இடத்தைப் பாருங்கள், ஹெச் என்றால் 87, ஜி என்றால் 86. ஜி50க்குத்தான் சந்தையில் கூடுதல் விலை. 915 மோசம் என்று அர்த்தமில்லை, நிதானமாகப் போட்டால் அருமையான பெட்டி, குளிரில் இரண்டாவது கியர் கரகரக்கிறதா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

துரு. 70களின் நடுவிலிருந்தே உடம்பு முழுக்கத் துத்தநாகம் பூசித்தான் வந்தது, அதனால் துருப்பிடிக்காது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கதவைத் திறந்து, பூட்டுக் கொக்கி மாட்டுகிற தூணின் அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். பெயின்ட் குமிழி விட்டிருந்தால் உள்ளே சில்லும் (கதவுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம்) போயிருக்கும், இரண்டு பக்கமும் வெட்டி ஒட்டப் பல ஆயிரம் ஆகும். முன்கண்ணாடியைச் சுற்றி ரப்பருக்கு அடியிலும், முன்னால் பெட்ரோல் டாங்க் உட்காரும் இடத்திலும் பாருங்கள்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி விடுங்கள். கொஞ்ச நேரம் நீலப்புகை வந்து அடங்கினால் பயப்படவேண்டாம், ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதெல்லாம் வந்தால் வால்வ் கைடு தேய்ந்திருக்கிறது. சிலிண்டர் ஹெட்டைப் பிடித்து வைக்கும் ஸ்டட் போல்ட் முறிவதும் இந்த எஞ்சின்களில் தெரிந்த விஷயம். லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். மேல்பாதி எஞ்சினை மட்டும் பிரித்துச் செய்தாலே பத்தாயிரத்தைத் தாண்டிவிடும், கணக்கர் சொன்ன இரண்டு வருட ஏற்றம் அதிலேயே போய்விடும்.

அப்புறம், எம்ஓடி, அதாவது வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனையின் வரலாறு இணையத்தில் இலவசம். பதிவு எண்ணை அடித்தால் 2005 முதலான சோதனைகள் வரும், மைலேஜோடு. பில் கட்டில் எழுதியிருப்பதும் அதுவும் ஒத்துப்போக வேண்டும்.

கென்ட்_செல்வி:

கணக்கர் அண்ணாவின் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. மாறன் அண்ணா எப்படியும் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கத்தான் போகிறார் என்றால் ஒப்பிட வேண்டியது பேங்க் வட்டியோடு இல்லை, இன்னொரு காரோடு. அதே 55,000க்குப் புதிய கார் எடுத்தால் மூன்று நான்கு வருடத்தில் பாதி விலை போய்விடலாம். இந்த 911 விலை ஏறவே வேண்டாம், அப்படியே நின்றாலே போதும், அந்தப் பாதி கையில் மிச்சம். பேங்க் வட்டிக்கும் வரி இருக்கிறது, 40 சதவீத வரி கட்டுகிறவருக்கு 500 பவுண்டுக்கு மேல் வரும் வட்டியெல்லாம் வரிக்குள் வந்துவிடும்.

அதனால் நான் வாங்கச் சொல்கிறேன், லாபத்துக்காக இல்லை. லாபம் பார்க்கத் தொடங்கினால் ஓட்டப் பயம் வந்துவிடும். மைல் ஏறினால் விலை குறையுமே, மழையில் நனையுமே என்று போர்வை போட்டு மூடியே வைத்திருப்பீர்கள். ஓட்டாமல் வைத்தால் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும், பிரேக் காலிப்பர் பிடித்துக்கொள்ளும். பூட்டி வைத்தாலும் செலவுதான்.

ஹாரோவில் இருக்கிறீர்கள் என்பதால் முக்கியமான ஒன்று. 2023 ஆகஸ்டிலிருந்து யூலெஸ், அதாவது புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான தினக் கட்டணம், லண்டன் முழுக்க இருக்கிறது. இந்தக் காரை வெளியே எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 40 வயது தாண்டி வரலாற்று வாகனமாகப் பதிவு மாறினால் அதுவும் இல்லை, சாலை வரியும் இல்லை, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார் என்றால் எம்ஓடியும் கட்டாயமில்லை. 1987இல் தயாரான காருக்கு அது 2028 ஏப்ரலில் வரும். 1985இல் தயாரான ஒரு நல்ல 3.2 கிடைத்தால் இரண்டு வருடம் முன்னாலேயே அந்தச் சலுகை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள், இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு அவர்கள் சொல்வதுதான் விலை. பெட்ரோல் ஈ5 சூப்பர் மட்டும் போடுங்கள், எத்தனால் அதிகம் கலந்த ஈ10 பழைய ரப்பர் குழாய்களுக்கு ஆகாது.

குரோய்டன்_கணக்கர்:

செல்வி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், புதிய காரோடு ஒப்பிட்டால் இது மேல். ஆனால் மாறனிடம் ஏற்கனவே ஒரு கார் இருக்கிறது, அதை விற்கப் போவதில்லை என்கிறார்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். நாளைக்கு இதை யார் வாங்குவார்கள்? பழைய காருக்குப் பெரிய விலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் தங்கள் பதினைந்து வயதில் சுவரில் படம் ஒட்டிய காரைத்தான் ஐம்பதில் தேடுகிறார்கள். போருக்கு முந்தைய கார்கள் பலவற்றுக்கு இப்போது ஆள் குறைந்துவிட்டது, 90களின் ஜப்பானியக் கார்களான சுப்ரா, ஸ்கைலைன் எல்லாம் மேலே போய்விட்டன. 911க்கு எல்லா வயதிலும் ரசிகர்கள் உண்டு என்பதால் ஒரேயடியாக விழாது என்று நினைக்கிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும். 2022இல் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே ஒன்று 135 மில்லியன் யூரோவுக்குப் போனதே என்று யாராவது உதாரணம் காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தக் கூபே உலகத்திலேயே இரண்டுதான் இருக்கிறது. 3.2 கரேரா பல்லாயிரக்கணக்கில் செய்தார்கள்.

ஹாரோ_மாறன்:

எல்லாருக்கும் நன்றி. யூலெஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை செல்வி. எம்ஓடி வரலாற்றைப் பார்த்தேன், மைலேஜ் சரியாக இருக்கிறது, ஆனால் இரண்டு சோதனைகளில் "சில் பகுதியில் துரு" என்று குறிப்பு. ஸ்பேனர் அண்ணா, இதைக் காட்டி விலை பேசலாமா, இல்லை விட்டுவிடலாமா?

பழைய_ஸ்பேனர்:

குறிப்புக்குப் பிறகு வந்த சோதனையில் அது காணாமல் போயிருந்தால் வேலை செய்த பில்லைக் கேள், வெல்டிங் போட்டோவோடு. பில் இருந்தால் லிஃப்டில் ஏற்றிப் பார். இல்லையென்றால் மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருப்பார்கள், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். அவசரப்படாதே தம்பி, 3.2 இன்னும் நிறைய வரும். 85ஐயும் ஒரு கண் பார்த்து வை.