காட்டுக் கொண்டைக்கடலை முளைக்கவே இல்லை, என்ன செய்யலாம்?

மண்வாசனை:
வணக்கம். கருப்பு, வெள்ளை இரண்டு கொண்டைக்கடலையும் என் தோட்டத்தில் நன்றாகக் காய்க்கின்றன. விதை சேகரிக்கும் நண்பர் ஒருவர் சைசர் ரெட்டிகுலேட்டம் என்ற காட்டு இனத்தின் விதைகள் கொஞ்சம் கொடுத்தார். இரவு முழுக்க ஊறவைத்தும் உப்பவில்லை, கல்லாகவே கிடக்கின்றன. உயிர் போய்விட்டதா? முளைத்தால் பக்கத்துச் செடிகளோடு கலந்துவிடுமா?

விதைப்பானை:
தூக்கி எறிந்துவிடாதீர்கள், கிடைத்தற்கரிய விதை அது! உயிரோடுதான் இருக்கும். தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். ஒரு மழைக்கே எல்லாம் முளைத்து, அடுத்த வறட்சியில் கூண்டோடு அழிந்துவிடாமல் இருக்க அந்தச் செடி கண்ட வழி இது. உப்புத்தாளில் ஒவ்வொரு விதையாகத் தேயுங்கள். மூக்குப் பக்கம் முளைவேர் இருக்கிறது, அங்கே படவே கூடாது. எதிர்ப்புறத்தில் தேய்த்து, உள்ளே வெளிர்நிறம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். பிறகு ஊறவைத்தால் முதலில் தோல் சுருங்கும், அதன்பின் விதை பருக்கும்.

பக்கத்துச் செடிகளோடு கலந்துவிடுமோ என்ற கவலை வேண்டாம். பூ விரியும் முன்பே உள்ளுக்குள் மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். தேனீயால் கலப்பது அபூர்வம். ஆனால் கலக்கக்கூடிய சொந்தம்தான். துருக்கியின் தென்கிழக்கில் தானாக வளரும் இந்த இனமே நாம் உண்ணும் கடலையின் மூதாதை. இரண்டுக்கும் 16 குரோமோசோம்கள். கையால் மகரந்தம் சேர்த்துக் கலந்தால் முளைக்கும் விதையே கிடைக்கும். நோய் தாங்கும் குணத்தைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் இதனிடம் போவது அதனால்தான்.

பச்சைக்காய்:
இன்னொன்று. காட்டு இனம் பூப்பதற்குக் குளிர் வேண்டும். முளைவிட்ட விதையை ஈரத்துணியில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியில் சுமார் 4 வாரம் வைத்து நட்டால் சீக்கிரம் பூக்கும். உறைபெட்டி கூடாது.

மண்வாசனை:
நன்றி. புதுப் பாத்தியில் நடலாமா? தொழுவுரம் நிறையப் போட்டிருக்கிறேன்.

விதைப்பானை:
வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும். கடலை விளைந்த பழைய பாத்தியின் மண்ணை இரண்டு கைப்பிடி குழியில் போடுங்கள். கொண்டைக்கடலை வேரில் முடிச்சு கட்டும் பாக்டீரியா தனி வகை. பட்டாணி, தட்டைப்பயறு விளைந்த மண்ணில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. தண்ணீர் தேங்கக் கூடாது, வேர் அழுகிவிடும். காய் பழுப்பேறத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். தோட்டக் கடலை செடியிலேயே காய்ந்து நிற்கும். இது வெடித்து விதையைச் சிதறடித்துவிடும், மண்ணில் தேடி எடுக்க முடியாது.